குறட்டை இல்லாத நாவல்

செப்டம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். அங்கே உன் கை கால்கள் சொன்னபடி கேட்கின்றனவா?

பஸ் நிலையத்தில் என் கவுன்ட்டர் எப்போதும்போல் ஓடுகிறது. தொலைத்தவர்கள் வருகிறார்கள், புலம்புகிறார்கள், குடையை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். போன வாரம் பதினோராம் நம்பர் பஸ்ஸில் ஒரு பல்செட் கிடைத்தது. மேலும் கீழும் முழு செட். ஒரு மனிதர் அதைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு எப்படி இறங்கியிருப்பார் என்று நானும் கண்டக்டரும் ஒரு மத்தியானம் முழுக்க ஆராய்ந்தோம். இன்றுவரை யாரும் தேடி வரவில்லை. வந்தாலும் எப்படிக் கேட்பார், சொல்?

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் தெரு நூலகத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அக்டோபர் மாதம் முடிவதற்குள் ஒரு நாவல் எழுத வேண்டும். ஐம்பதாயிரம் வார்த்தை. நல்லதா, கெட்டதா என்று யாரும் பார்க்க மாட்டார்களாம். முடித்தோமா என்பதுதான் கணக்கு. பெயர் கொடுக்கப் போனேன். நூலகர் அம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது எழுதியிருக்கீங்களா?"

"தம்பிக்கு லெட்டர் எழுதுவேன்."

"பதில் வருமா?"

"நாலு வரி வரும்."

ஐயோ பாவம் என்று பெயரை எழுதிக்கொண்டாள்.

டிசம்பரோடு உன் ஒப்பந்தம் முடிகிறது. நாலு வருஷம் அந்தத் தீவில் காற்றை அளந்தது போதும். நீ அளக்காவிட்டாலும் அது வீசிக்கொண்டுதான் இருக்கும். பின்னறையைத் தூசி தட்டி வைத்திருக்கிறேன். வருகிறேன் என்று ஒரு வார்த்தை எழுது. ஒரே வார்த்தைதான், உன் சுபாவத்துக்குப் பொருத்தமாக இருக்கும்.

உன் அத்தான் நலம். இப்போதெல்லாம் என் சமையலைக் குறை சொல்வதே இல்லை.

இப்படிக்கு,
வாய் ஓயாத அக்கா


செப்டம்பர் 19

அக்காவுக்கு,

நலம். அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும். உன் கடிதம் நேற்றுப் படகில் வந்தது.

எழுத ஒன்றுமில்லை. வானிலை நிலையத்தில் பெரியவர், சமையல்காரர், நான், மூன்று பேர்தான். பெரியவர் "காத்து எவ்வளவு?" என்பார். சொல்வேன். சமையல்காரர் "போதுமா?" என்பார். போதும் என்பேன். அதோடு ஒரு நாள் முடிந்துவிடும். இருக்கிற ஒரு போனும் வானிலை சொல்லத்தான், எங்களுக்கு இல்லை.

நீ நாவல் எழுதப் போகிறாயா? நீ பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரைத்தான் இப்போதும் போட்டிருக்கிறேன். அதற்கு ஒரு கைதான் இருக்கிறது. வலப் பக்கம் காற்று அடித்தால் திரும்பி நின்றுகொள்கிறேன். தையல் வகுப்புக்கு மூன்று வாரம் போனாய். நீச்சலுக்கு ஒரு நாள், அதுவும் படியோடு சரி. போதாததற்கு அத்தான் குறட்டை. நாலு வருஷத்துக்கு முன் அங்கே தங்கியபோது பின்னறை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது மறக்கவில்லை. அந்த வீட்டில் நாவலா?

பந்தயம் வைத்துக்கொள்வோம். சொன்ன மாதத்தில் நீ முடித்துக் காட்டு. நான் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் டிசம்பர் கப்பலில் ஊருக்கு வந்துவிடுகிறேன்.

தம்பி

பி.கு.: படகில் கடிதம் மட்டும்தான் எடுப்பார்கள், பார்சல் பெரிய கப்பலில். டிசம்பர் கப்பலில் அனுப்ப வேண்டியவை: கம்பளிக் காலுறை நாலு ஜோடி, படிக்கிற கண்ணாடி ஒன்று, பற்பசை ஆறு டியூப். ஒரு டியூப் எனக்கு இரண்டு மாதம் வரும்.


செப்டம்பர் 30

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் இன்று சமாதானமாக இருக்கிறது. உனக்குத்தான் உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிட்டேன். இவ்வளவு நீளமாக நீ எழுதி நான் பார்த்ததில்லை. காய்ச்சலா?

பந்தயத்துக்குச் சம்மதம். நாளை பேச்சு மாறக் கூடாது என்று நூலகர் அம்மாளிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டிச் சாட்சி வைத்துக்கொண்டேன். ஸ்வெட்டர் சமாசாரத்தைத் தாவிவிட்டுத்தான் படித்தேன். நமக்கும் ஒரு கௌரவம் இருக்கிறது.

ஒரு நாளைக்கு ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வார்த்தை எழுத வேண்டுமாம். மற்றவர்கள் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது காலை டீ ஆறுவதற்குள் பேசி முடிக்கிற அளவு. வாயிலிருந்து விழுவதைக் காகிதத்தில் பிடித்துப் போட்டால் தீர்ந்தது வேலை. எங்கள் ஆபீசில் ரசீது போடுகிற கார்பன் தாள் நிறைய இருக்கிறது. உனக்கு ஒரு நகல் எடுத்து அத்தியாயம் அத்தியாயமாக அனுப்புகிறேன். யாரிடமும் சொல்லாதே. சொல்வதற்கு உனக்கு அங்கே ஆளும் இல்லை.

நீ கேட்டவற்றை இன்றே வாங்கிவிட்டேன். கடைக்காரர் பற்பசையை எண்ணிக்கொண்டே, "ஆறா? வீட்ல எத்தனை பேரும்மா?" என்றார்.

"ஆளு கம்மிதான், பல்லு நிறைய" என்றேன்.

உன் அத்தானிடம் நாவல் விஷயத்தைச் சொல்லவில்லை. அவருக்கு என் சத்தம் எந்த ரூபத்தில் வந்தாலும் ஆகாது.

நாளை முதல் எழுத்தாளர்,
அக்கா


அக்டோபர் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். விரலில் பேனா பிடித்த இடம் காய்த்திருக்கிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது அது நாலு பேர் கண்ணில் படும்படி பிடிக்கிறேன். நீயும் நலம்தானே?

முதல் ஒன்பது அத்தியாயம் இத்துடன் வருகிறது. கதாநாயகி பஸ் நிலையத்தில் தொலைந்த பொருள் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறாள். இந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. அவள் என்னைவிடப் பத்து வயது இளையவள், இருபது கிலோ குறைவு. நாவல் எழுதுகிறவளுக்கு இது ஒன்றுதான் சம்பளம். யாரும் கேட்டு வராத பொருள்களை அவளே எடுத்துக்கொண்டு உரியவர் வீட்டுக்குப் போகிறாள். மணி அடிக்கிறாள். கதவைத் திறக்கிறார்கள். பொருளை வாங்கிக்கொண்டு, உள்ளே வந்து உட்காரச் சொல்கிறார்கள். அவ்வளவுதான் கதை. ஒரு கதவைத் திறப்பதற்கே நானூறு வார்த்தை எடுத்துக்கொண்டேன். அவசரப்பட்டுத் திறந்து என்ன ஆகப்போகிறது?

அவளுக்குத் தூரத்தில் ஒரு தம்பி. ஒரு கணவரும் உண்டு. அவர் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டே இருக்கிறார். அவரை எழுப்பினால் வசனம் கொடுக்க வேண்டும், அதனால் தூங்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை எல்லாரும் நூலகத்தில் கூடினோம். ஒரு பல் டாக்டர் ராஜா கதை எழுதுகிறார். போர்க்களத்தில் எதிரி "ஆ" என்று வாயைத் திறந்தால் போதும், ஒன்றரைப் பக்கம் பல் வர்ணனை. ராஜகுமாரிக்குக் கடைவாயில் சொத்தை. கேட்டால், "அதுதாங்க யதார்த்தம்" என்கிறார். எனக்குப் போட்டி இல்லை என்று நிம்மதியாக வந்தேன்.

அத்தான் அப்படியே இருக்கிறார்.

இப்படிக்கு,
பதினைந்தாயிரம் வார்த்தைக்குச் சொந்தக்காரி


அக்டோபர் 17

அக்காவுக்கு,

நலம். அத்தான் நலமா? போன கடிதத்தில் அரை வரிதான் எழுதியிருந்தாய்.

அத்தியாயங்கள் வந்தன. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எனக்குள் படித்துக்கொண்டிருந்தேன். நடுவில் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. பெரியவர் "என்னாச்சு?" என்றார். பல்செட் வருகிற இடத்தைச் சத்தமாகப் படித்தேன். அப்புறம் நிறுத்த விடவில்லை. இப்போது சாயங்காலக் காற்றுக் கணக்கு எழுதியதும் மூன்று பேரும் மேஜைக்கு வந்துவிடுகிறோம். நேற்று, கதாநாயகி மணி அடித்துவிட்டு நிற்கிற இடத்தில் சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்று, "உள்ள கூப்பிடுவாங்களா, மாட்டாங்களா?" என்றார். நாலு வருஷத்தில் "போதுமா" தவிர அவர் வேறு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

பெரியவர் ஒரு பிழை கண்டுபிடித்திருக்கிறார். இரண்டாம் அத்தியாயத்தில் பதினோராம் நம்பராக இருந்த பஸ் ஆறாம் அத்தியாயத்தில் பதினாலாக இருக்கிறதாம். "அக்காகிட்ட கேளு, ரூட்டை மாத்திட்டாங்களா?" என்றார்.

நீ முடித்துவிடுவாய் என்று இப்போது தோன்றுகிறது. பந்தயம் என்று நான் எழுதியது விளையாட்டுக்குத்தான். அதற்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முடியாவிட்டால் விட்டுவிடு. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

தம்பி


அக்டோபர் 23

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பும் அப்படியே இருக்கட்டும். பெரியவரிடம் என் வணக்கத்தைச் சொல்லி, ரூட் மாறவில்லை, எழுதியவளுக்குத்தான் புத்தி மாறாட்டம் என்று சொல். சமையல்காரரிடம், கூப்பிடுவார்கள் என்று சொல். என் நாவலில் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

ஆனால் கதை சிக்கிக்கொண்டது. முப்பத்தைந்தாயிரத்தில் வந்து நிற்கிறது. கொடுக்க வேண்டிய பொருளெல்லாம் கொடுத்தாயிற்று, கதாநாயகிக்குப் போக வீடு இல்லை. சனிக்கிழமை கூட்டத்தில் யோசனை கேட்டேன். பல் டாக்டர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "அந்தத் தம்பி கப்பல்ல வரான்ல, அவனை மூழ்கடிச்சிடுங்க. கடைசியில ஒரு கனம் வரும்" என்றார். சுற்றி உட்கார்ந்திருந்த எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறார்கள்! "உங்க ராஜகுமாரிக்குப் பல்லைப் பிடுங்குங்க முதல்ல, என் தம்பியைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வாசல்வரை வந்த பிறகுதான் குடையை உள்ளேயே விட்டுவிட்டது தெரிந்தது. தொலைந்த பொருள் கவுன்ட்டர் அம்மாள் குடையைத் தொலைத்தாள் என்று ஊர் சிரிக்கும். நனைந்துகொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நூலகம் கிடையாது. வீட்டில் உட்கார்ந்து வசனங்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அவள் குரல் ஒன்று, தம்பி குரல் ஒன்று, நடுவில் கதவு கிறீச்சிடுகிற சத்தமும் நானே. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள்.

"பேச்சு சத்தம் கேட்டுச்சே, யாராவது வந்திருக்காங்களா?"

"ஆமா" என்றேன்.

"அப்பாடா" என்றாள். அந்த அப்பாடாவைக் கேட்டதும் எனக்கு அன்றைக்கு மேற்கொண்டு ஒரு வார்த்தை ஓடவில்லை.

விட்டுவிடு என்று எழுதியிருக்கிறாய். விடுவதாக இல்லை.

இப்படிக்கு,
அக்கா


அக்டோபர் 31

அன்புள்ள தம்பிக்கு,

நலம், உன் நலமும் கேட்கிறேன்.

முடித்துவிட்டேன். நூலகர் அம்மாள் பக்கத்துக்கு இத்தனை என்று கணக்குப் போட்டுப் பார்த்து, "ஐம்பதாயிரத்து நூத்திச் சொச்சம் இருக்கு" என்றாள். பரிசு ஒரு பென்சில். பல் டாக்டர் நாற்பதாயிரத்தில் நின்றுவிட்டார், ராஜா இன்னும் கோட்டையைப் பிடிக்கவில்லை. மனிதர் தங்கமானவர். என் குடையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து கொடுத்தார்.

கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி தன் வீட்டிலேயே இருக்கிறாள். மணி அடிக்கிறது. இதுவரை இவள்தான் அடுத்தவர் வீட்டு மணியை அடித்தாள், இப்போது யாரோ இவள் வீட்டு மணியை அடிக்கிறார்கள். போய்த் திறக்கிறாள். "உள்ள வந்து உக்காருங்க" என்கிறாள். அத்துடன் முற்றும். யார் வந்தது என்று எழுதவில்லை. யார் வந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

கடைசிப் பக்கத்தில் "முற்றும்" என்று போட்டதும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கண்டக்டரிடம் சொன்னேன். "எத்தனை பக்கம்?" என்றார். சொன்னேன். "டிக்கெட்டு கிழிக்கிற எனக்கே இவ்வளவு கை வலிக்காது" என்றார். அதுவும் ஒரு பாராட்டுதான்.

பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அக்கா


நவம்பர் 18

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு படகு வந்து போயிற்று. உன் கடிதம் இல்லை.

பேப்பரில் கடைசிப் பக்கத்தின் மூலையில் உங்கள் தீவின் காற்று வேகம் தினமும் வருகிறது. நேற்று நாற்பத்தொன்று. இன்று முப்பத்தெட்டு. யாரோ போய் அளந்து சொல்கிறார்கள் அல்லவா? அது நீதான் என்று வைத்துக்கொண்டு டீ குடித்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

கோபமாக இருந்தால் கோபம் என்றாவது எழுது. நலம்தானே?

அக்கா


நவம்பர் 23

அக்காவுக்கு,

நலம். நான்தான் அளக்கிறேன்.

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். பந்தயம் வைக்கும்போதே நான் கையெழுத்துப் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு வருஷம். நீ எதையும் முடித்ததில்லை என்ற தைரியத்தில் எழுதினேன். நீ முடிப்பாய் என்று தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

ஊருக்கு வந்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை அக்கா. இங்கே காற்று எவ்வளவு என்று கேட்கிறார்கள். பதில் கூரை மேலே காற்றுமானியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பார்த்துச் சொன்னால் போதும். அங்கே எல்லாரும் "அப்புறம்?" என்று கேட்பார்கள். அதற்கு எதைப் பார்த்துச் சொல்வது?

நாவலை முடிவுவரை படித்தோம். மணி அடித்தது தம்பிதான் என்று சமையல்காரர் சொல்கிறார். இல்லை, வெளியே போயிருந்த கணவர்தான் என்கிறார் பெரியவர். "கணவர் உள்ளதானே தூங்குறாரு?" என்று சமையல்காரர் சண்டைக்கு வந்தார். "தூங்குற ஆளா அது? மூச்சுச் சத்தமே இல்லையே" என்றார் பெரியவர்.

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு முதலிலிருந்து மறுபடி படித்தேன். முப்பது அத்தியாயம். பக்கத்து அறை, மெல்லிய சுவர், அத்தான் மாதிரியே ஒரு மனிதர். ஒரு இடத்திலும் குறட்டை இல்லை. அலாரம் கடிகாரச் சத்தத்தை எழுதியிருக்கிறாய். குழாய் சொட்டுவதை எழுதியிருக்கிறாய். இருபத்தாறு வருஷமாக, போன வருஷம்வரை எனக்கு வந்த எல்லாக் கடிதத்திலும் அந்தக் குறட்டையைத் திட்டியிருக்கிறாய்.

அத்தான் எங்கே அக்கா?

ஒப்பந்தத்தில் ஜூனில் இரண்டு மாதம் விடுப்பு உண்டு. நான் இதுவரை எடுத்ததில்லை. எடுப்பேன் என்று சொல்லவில்லை. இருக்கிறது என்று எழுதினேன்.

தம்பி


டிசம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

முழங்காலைத் தவிர எல்லாரும் நலம் என்று எழுதி எழுதிப் பழகிவிட்டது. எல்லாரும் என்பது நான்தான். நான் நலம்.

உன் அத்தான் மார்ச்சிலேயே போய்விட்டார். தூரமில்லை, இரண்டு தெரு தள்ளி சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை. வேறு பெண் கிண் ஒன்றுமில்லை. இருந்திருந்தால் ஊரிடம் சொல்ல எனக்கும் ஒரு கதை கிடைத்திருக்கும். பெட்டியை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் அமைதி வேணும். நீ பேசிக்கிட்டே இருக்க" என்றார். இருபத்தாறு வருஷம் ஜெனரேட்டர் மாதிரி ஓடிய மனிதர் அமைதியைத் தேடிக்கொண்டு போகிறார்! வாசலிலேயே இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். என் வாழ்நாளில் அன்று ஒரு நாள்தான் எனக்குச் சட்டென்று வாயில் ஒன்றும் வரவில்லை.

முதல் மூன்று நாள் அருமையாகத் தூங்கினேன். அதன் பிறகு சத்தம் இல்லாதது எழுப்பிவிடுகிறது. நாவலில் அவரைப் பக்கத்து அறையில் படுக்கவைத்துவிட்டேன், குறட்டை விடவைக்க மட்டும் கை வரவில்லை. அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று யோசித்தால் பேனா நின்றுவிடுகிறது. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். காற்றை அளக்கிறவர்களிடம் மூச்சைப் பற்றிப் பொய் சொல்ல முடியுமா? அவர் சமையலைக் குறை சொல்வதில்லை என்று நான் எழுதியது மட்டும் சத்தியமான உண்மை.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்காதே. ஆளில்லாத வீடு என்று தெரிந்தால், எனக்காக இரக்கப்பட்டு வருவாய், இல்லை வர பயப்படுவாய். இரண்டும் வேண்டாம் என்று தோன்றியது.

உன் கையெழுத்து விஷயம் எனக்கு செப்டம்பரிலேயே தெரியும். டிசம்பர் கப்பலில் ஊருக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டு, அதே கப்பலில் ஒரு வருஷத்துக்குப் பற்பசை அனுப்பச் சொல்கிறவனைப் பற்றி என்ன நினைப்பது? பல் டாக்டரிடம் கேட்டிருந்தால்கூட கப்பல் ஏறுவதற்குள் ஆறு டியூப் தேய்த்தால் பல்லே மிஞ்சாது என்று சொல்லியிருப்பார். கடைக்காரர் எண்ணி எண்ணி வைத்தபோது நானும் கூடவே எண்ணினேன்.

தெரிந்தும் ஏன் எழுதினாய் என்பாய். பந்தயம் என்று ஒன்று இருந்தால் படகு வரும்போதெல்லாம் நீ எழுதுவாய். நாலு வரி ஒரு பக்கமாயிற்று, பார்த்தாயா? அதோடு, அவரிடம் பேசாமல் மிச்சமான வார்த்தைகளையும் எங்கேயாவது கொட்ட வேண்டியிருந்தது. மூன்று பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள் என்கிறாய். என் பேச்சை இந்த வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"அப்புறம்?" என்று நான் கேட்க மாட்டேன். எனக்குக் கேட்க எங்கே நேரம்? நான் பேசுவேன். நீ காற்று எவ்வளவு என்று மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னால் போதும்.

பார்சல் இந்தக் கப்பலில் வருகிறது. காலுறை நாலு ஜோடி, கண்ணாடி ஒன்று, பற்பசை ஐந்து. ஒன்று குறைகிறதே என்று கப்பல்காரர்களிடம் சண்டைக்குப் போகாதே. வருஷத்துக்கு ஆறு என்பது உன் கணக்கு. விடுப்பு இரண்டு மாதத்தைக் கழித்தால் ஐந்து என்பது என் கணக்கு. ஆறாவது இங்கே குளியலறை அலமாரியில் என் பிரஷ் பக்கத்தில் இருக்கிறது. அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. என்னுடையது இன்று காலை தீர்ந்துவிட்டது. கடைக்குப் போய் வேறு வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா